கொறங்காட்டுக்குப் புல் விதையும் கிளுவை வேலியும்: வாங்கிப் போட்டுப் பார்த்தபின்

கொறங்காடு என்கிற எங்கள் மேய்ச்சல் காட்டுக்குக் கொழுக்கட்டைப் புல் விதை எங்கே கிடைக்கும், விலை கட்டுமா, முளைக்குமா என்று காங்கயம், தாராபுரம் பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் வாங்கியது மூலனூர்ப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய உழவர் குழுவிடம். புல் விதை, முள்கிளுவைக் குச்சி, வேலி நட்டுத் தரும் ஆட்கள் என்று மூன்றையும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். போட்டுச் சில மழைக்காலங்கள் கடந்துவிட்டதால்தான் இப்போது எழுதுகிறேன். முளைத்த மாதத்திலேயே எழுதியிருந்தால் தலைகால் புரியாமல் புகழ்ந்திருப்பேன், அடுத்த கோடையில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலி அருமை, முழு மதிப்பெண். விதை நல்ல விதை, சின்னக் குறைகள் உண்டு. அவர்கள் சொன்ன மேய்ச்சல் ஆலோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. உங்கள் நிலம் இத்தனை காலமும் என்ன பாடு பட்டது என்று தெரியாமல் விதைக்குப் பணம் கட்ட வேண்டாம். சில காட்டுக்கு விதையே தேவைப்படாது. எங்கள் காட்டிலேயே பாதிக்குத் தேவைப்படவில்லை.

கொறங்காடு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், குண்டடம் வட்டாரத்தில் மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். செம்மண் சரளை, கொஞ்சம் தோண்டினால் சுக்கான்கல். இந்த மண்ணில் வெள்ளாமையைவிடப் புல்தான் நம்பகமானது என்று எங்கள் முன்னோர் கண்டுபிடித்து, பட்டா நிலத்தையே மேய்ச்சல் காடாக வைத்திருந்தார்கள். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதோடு செப்பு நெருஞ்சி, நரிப்பயறு மாதிரிப் பயறு வகைச் செடிகள். ஒரு வள்ளம், அதாவது ஏறத்தாழ 4 ஏக்கருக்கு ஒரு வேலி. படலைச் சாத்திவிட்டால் ஆடு மாட்டுக்கு ஆள் வேண்டியதில்லை. காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இனத்தைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கியதைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த மாட்டைத் தாங்கிய புல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஊரே திரண்டபோது காங்கயம் காளை படம் இல்லாத சட்டை கிடையாது. அதே நேரம் எங்கள் சாலையோரத்தில் கொறங்காடு ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்தது.

எங்களுடையது குண்டடத்துக்குக் கிழக்கே இரண்டு வள்ளக் காடு. மேல்காடு ஒன்று, கீழ்காடு ஒன்று. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் வராது, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணீரும் வராது. அப்பாரு (தாத்தா) இருந்தவரை இரண்டுமே கொறங்காடுதான். ஐப்பசி மழையில் புல் தழைத்ததும் ஒரு காட்டை அடைத்துவிடுவார். கதிர் முற்றி விதை கொட்டுகிறவரை படல் திறக்காது, யார் வந்து கெஞ்சினாலும் சரி. விதை உதிர்ந்த பிறகு மாட்டை முதலில் விடுவார், மாடு மேலாகத் தின்ற பிறகு செம்மறி. சித்திரை, வைகாசியில் புல் வைக்கோலாகக் காய்ந்திருக்கும்போது வெள்வேலங்காய் உதிரும். ஆடு அதைப் பொறுக்கித் தின்றே கோடையைத் தாண்டிவிடும். சில வருஷத்துக்கு ஒருமுறை ஏர் பூட்டி மேலாக உழுது சோளம் விதைப்பார். மண் இளகும், சோளத் தட்டு மாட்டுக்கு ஆகும், அடுத்த மழைக்குப் பழைய தூரிலிருந்தும் விழுந்த விதையிலிருந்தும் புல் திரும்ப வந்துவிடும்.

அப்புறம் டிராக்டர் வந்தது. உழவுக்கு எருது தேவையில்லை என்றானதும் கண்ணபுரம் தேர்ச்சந்தையில் ஜோடியை விற்றார்கள். கட்டுத்தறிக்கு ஜெர்சிக் கலப்பு வந்தது. அது காட்டில் மேய்கிற மாடு இல்லை, நிறுத்தி வைத்துத் தீவனம் போட வேண்டும். கீழ்காட்டில் போர் போட்டு அப்பா முருங்கை வைத்தார். மூலனூர் முருங்கை நல்ல விலைக்குப் போன காலம், எல்லோரும் வைத்தார்கள், அதில் தப்பே இல்லை. முருங்கைக்கு இடையே வருஷாவருஷம் டிராக்டர் ஓட்டினார்கள். பிறகு போர் வற்றியது, முருங்கை காய்ந்தது, காடு சும்மா கிடந்தது. மேல்காட்டைக் குத்தகைக்கு விட்டோம். குத்தகைக்காரருக்கு ஆட்டுக்குட்டி விற்றால்தான் வருமானம், அவர் மழைக்காலம், கோடை என்று பார்க்காமல் வருஷம் முழுக்க ஓட்டினார். கிளுவை வேலி அங்கங்கே செத்தபோது புதுக்குச்சி நட ஆள் கிடைக்கவில்லை, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினோம். கம்பியில் ஓட்டை விழுந்ததும் ஊர் ஆடெல்லாம் உள்ளே. ஒவ்வொரு முடிவும் அந்தந்த வருஷத்தில் நியாயமான முடிவுதான். எல்லாம் சேர்ந்தபோது புல் இல்லை.

புல் விட்ட இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. 1877 வாக்கில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மரம் அது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று அரசாங்கமே பரப்பியது. அதன் காய் இனிப்பு. ஆடும் மாடும் விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வந்து விழும். உரமும் ஈரமும் சேர்ந்தே கிடைப்பதால் முளைப்பு அபாரம். எங்கள் மேல்காட்டில் ஆடு படுத்த இடமெல்லாம் புதர் நின்றதற்கு இதுதான் காரணம்.

இந்த நிலையில்தான் குழுவைத் தேடிப் போனேன். காங்கயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறேன், நிலத்தில் தினமும் நிற்க முடியாது. மனையாக்கித் தருகிறோம் என்று ஒருவர், சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்று இன்னொருவர் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பா காலத்துக்குப் பிறகு காடு என் கைக்கு வந்தது. அதைப் புல்லாகத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு வைராக்கியம்.

குழுவில் முதலில் என்னோடு பேசியவர் வேலி போடும் அண்ணன்தான். நான் விதை விலை கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "அம்மிணி, வெதையப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல வேலியப் போடுங்க. வேலியில்லாத காட்டுல வெதை போட்டா ஊரு ஆட்டுக்குத்தான் விருந்து," என்றார். வாங்க வந்தவளிடம் இப்படிப் பேசியதற்காகவே அந்த ஆள்மேல் மரியாதை வந்தது.

அவர் சொன்னபடி வேலியில்தான் ஆரம்பித்தோம். கோடையில் இலை உதிர்ந்து நிற்கும் கிளுவையிலிருந்துதான் குச்சி வெட்ட வேண்டுமாம். கட்டை விரல் மொத்தத்திலிருந்து மணிக்கட்டு மொத்தம் வரை, இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேல். வெட்டியவுடன் நடுவதில்லை. வெட்டுவாய் காயும்வரை வேப்பமர நிழலில் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்தார்கள். வெட்டின இடத்தில் பிசின் கசிந்து முத்துமுத்தாக நின்றது, தொட்டால் விரலில் ஒட்டியது, முகர்ந்தால் சாம்பிராணிக்குப் பக்கத்தில் வரும் ஒரு வாசம். குங்கிலியம் தரும் மரங்களின் இனம்தானே இதுவும். ஒரு முழ ஆழத்துக்குக் குழி பறித்துக் குச்சிகளை நெருக்கமாக, கொஞ்சம் சாய்வாக, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடுகிற மாதிரி நட்டு மண்ணை மிதித்தார்கள். தண்ணீர் ஊற்றவில்லை. எனக்குப் பயம். ஆனால் வானம் கறுக்கும் முன்பே, வெறும் காற்று ஈரத்திலேயே, குச்சியின் கணுவில் பச்சை தெரிந்தது.

முதல் இரண்டு வருஷம் இது வேலியே இல்லை, வரிசையாக நட்ட குச்சி மட்டும்தான். அதனால் வெளிப்பக்கம் வெள்வேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். வெள்ளாடு கொழுந்தைக் கடிக்காமல் இருக்கவும் அந்த முள் தேவை. பட்டுப்போன குச்சிகளுக்குப் பதில் அடுத்த கோடையில் அவர்களே வந்து புதிதாக நட்டுக் கொடுத்தார்கள், கூலி கேட்கவில்லை. இப்போது மேற்குப் பக்கம் கைவிரல் நுழையாது. கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறிவிட்டன. கம்பி வேலியோடு ஒப்பிட்டால் முதல் செலவு ஏறக்குறைய சமம். கம்பி வருஷம் போகப்போகத் துருவேறும், கிளுவை அடர்ந்துகொண்டே போகும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து எங்கள் ஊரில் மண்ணை வாரித் தூற்றும், அதையும் இந்த வேலி ஓரளவு தடுக்கிறது. உள்பக்க ஓரத்தில்தான் புல் மற்ற இடத்தைவிட முன்னதாக முளைத்தது.

சீமைக் கருவேலத்தை எடுத்த கதை சுருக்கமாக. வெட்டினால் தழையும், வேரோடுதான் பிடுங்க வேண்டும். அதனால் ஜேசிபி. அதன் வாடகைக்கு முன்னால் விதை விலை ஒன்றுமே இல்லை, அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கத்திலேயே நின்று வெள்வேலக் கன்றுகளைக் காட்டிக் காப்பாற்றுங்கள். அவருக்கு எல்லாம் ஒரே முள்தான்.

இனி விதை. சாக்கைத் திறந்தால் பஞ்சு மாதிரிப் புசுபுசுவென்று இருக்கிறது, எடையே தெரியவில்லை. ஒரு பிடி எடுத்துக் கையில் பரப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மயிர் அடர்ந்த சின்ன உருண்டை, வெளிறிய ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம். உருண்டைக்குள்தான் அரிசி இருக்கிறது, அதுவும் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. விரலிடையே வைத்துத் தேய்த்தால் மயிர் உதிர்ந்து, சீரகத்தைவிடச் சிறிய ஒரு மணி உள்ளங்கையில் நிற்கும். ஒன்றும் நிற்காவிட்டால் அது பொக்கு. வாங்குவதற்கு முன்னால் சாக்கின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து இப்படித் தேய்த்துப் பாருங்கள். நான் பார்த்ததில் பாதிக்குமேல் மணி இருந்தது. இந்த விதைக்கு அது நல்ல கணக்கு. சாக்கில் கொழுஞ்சிக் காயும் மண்ணும் கலந்திருந்தன, அது ஒரு குறை. எடைக்குக் காசு கொடுக்கும்போது மண்ணுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

எப்போது அறுத்த விதை என்று கேட்க மறக்காதீர்கள். கொழுக்கட்டைப் புல் விதைக்கு உறக்கம் உண்டு. புது விதையைப் போட்டால் முளைக்காது, குறைந்தது ஆறேழு மாதமாவது ஆறப்போட வேண்டும். தையில் அறுத்ததைப் புரட்டாசியில் போட்டால் கணக்குச் சரியாக இருக்கும். குழு இதில் நேர்மையாக இருந்தது. சாக்கிலேயே அறுத்த மாதம் எழுதியிருந்தார்கள், கடைசியாக அறுத்ததைக் கேட்டவர்களுக்குத் தர மறுத்தும்விட்டார்கள். ஆடியில் விதைக்கலாமா என்று கேட்டதற்கு, காற்று அள்ளிக்கொண்டு போய் அடுத்த ஊரில் போடும், முதல் வடகிழக்கு மழைக்குக் காத்திருங்கள் என்றார்கள். அதுவும் சரியான பேச்சு.

அளவு ஏக்கருக்கு 3 கிலோ. ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்ற வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையோடு இது ஒத்துப்போகிறது. ஈரமணலோடும் காய்ந்த சாணத்தூளோடும் பிசறித்தான் வீச முடியும், இல்லாவிட்டால் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆழமாகப் புதைக்கக் கூடாது. நாங்கள் கீழ்காட்டில் மேலாகக் கீறிவிட்டு வீசி, முள்கிளையை இழுத்து மூடினோம். முயல் மசால் விதையும் கலந்து தருவதாகச் சொன்னார்கள், புரதம் நிறைந்த தீவனம்தான். எனக்கு நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் திரும்ப வர இடம் வேண்டும் என்பதால் வேண்டாம் என்றேன். ஆடு வளர்ப்பே முழுத் தொழில் என்றால் நீங்கள் வாங்கலாம்.

வீசும்போது கீழ்காட்டுக்கே விதை தீர்ந்துவிட்டது. மேல்காட்டுக்கு இன்னொரு நடை விதை வருமென்று சொன்னார்கள், மழை முடிகிறவரை வரவில்லை. அன்றைக்குக் கோபமாகத்தான் இருந்தது. சொன்ன தேதிக்குத் தராததைக் குறையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தத் தாமதத்தால்தான் நான் இதை எழுத முடிகிறது, ஏனென்றால் ஒரே மண்ணில், ஒரே மழையில், விதை போட்ட காடும் போடாத காடும் எனக்குப் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தன.

கீழ்காட்டில் முதல் மழைக்கு வந்தது புல் இல்லை. கொழுஞ்சி, நெருஞ்சி, சாரணை, ஓரமாகப் பார்த்தீனியம். சீமைக் கருவேலக் கன்று மட்டும் கம்பளம் மாதிரி. ஜேசிபி கிளறிய மண்ணில் வருஷக்கணக்காகக் கிடந்த விதையெல்லாம் ஒன்றாக எழுந்திருக்கிறது. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "கண்ணு, குனிஞ்சு பாரு, கொழுஞ்சிக்கு அடியில பாரு," என்றார். குனிந்து விலக்கினால் ஊசி மாதிரி மெல்லிய கன்றுகள், இரண்டு மூன்று இலையோடு. முளைப்பு நன்றாகவே இருந்தது. கருவேலக் கன்றைப் பதமான ஈரத்தில் கையால் பிடுங்கினோம், அந்த வயதில் வேரோடு வந்துவிடும். விட்டால் அடுத்த வருஷம் மறுபடி ஜேசிபிதான்.

இப்போது அந்த ஆலோசனைக்கு வருகிறேன். குழு கொடுத்த தாளில், விதைத்து மூன்று மாதத்தில் ஆடு விடலாம் என்று அச்சிட்டிருந்தது. கேட்டதற்கு, அதற்குமேல் காத்திருந்தால் புல் முற்றிவிடும், சத்துப் போய்விடும் என்றார்கள். கீழ்காட்டின் தென்பாதியில் தை மாதமே செம்மறியை விட்டோம். முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் செம்மறி கடிப்பது மாடு தின்பது மாதிரி இல்லை. அடியோடு கடித்து இழுக்கும். முதல் வருஷத் தூருக்கு வேர் இன்னும் ஆழம் போகவில்லை, கொத்தோடு கையில் வருகிற மாதிரி வந்துவிட்டது. தப்பியவை கதிர் விடவில்லை, விதை கொட்டவில்லை. பங்குனி வெயிலில் தென்பாதி வெறும் மண். வடபாதியைப் பெரியப்பா பிடிவாதமாக அடைத்து வைக்கச் சொன்னதால் அங்கே கதிர் முற்றி, விதை கொட்டி, அதற்குப் பிறகுதான் ஆடு போனது. அடுத்த ஐப்பசியில் வடபாதியில் ஒவ்வொரு தூரும் இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவு, நடுவிலெல்லாம் புதுக்கன்று. தென்பாதிக்கு மறுபடி விதை வாங்க வேண்டியிருந்தது.

பல்லாண்டுப் புல்லுக்கு முதல் பருவம் முழுக்க வேர்ப்பாடு. இலையில் சமைத்ததை எல்லாம் தூருக்கும் வேருக்கும் அனுப்பிச் சேமித்தால்தான் அடுத்த கோடையைத் தாண்டும். இலையைத் திரும்பத் திரும்பப் பறித்தால் சேமிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. வெட்டுத் தீவனமாக வளர்க்கும் கோ-5 கம்பு நேப்பியருக்குத் தண்ணீரும் உரமும் கொடுத்து மாதக் கணக்கில் வெட்டலாம். அந்தப் பழக்கத்தை மானாவாரிப் புல்லுக்கு அப்படியே எடுத்து வந்து தாளில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். குழுவிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். புதிய தாளில் முதல் வருஷம் விதை கொட்டும்வரை அடைப்பு என்று மாற்றியிருக்கிறார்கள் என்று வேலி அண்ணன் சொன்னார். பழைய தாள் வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துவிடலாம்.

அதற்காக அடைத்தே வைத்தாலும் ஆகாது. மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தை ஆடு போகாதபடி தனியாக அடைத்திருந்தோம். முதலில் அங்கேதான் புல் செழிப்பாக இருந்தது. வருஷம் போகப்போகக் காய்ந்த தாள் தாளின்மேல் படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. தூரைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் செத்து, வளையமாக ஓரத்தில் மட்டும் பச்சை. வெயில் உள்ளே இறங்கவில்லை, புதுக்கன்று ஒன்றுகூட இல்லை. கொறங்காட்டுப் புல் ஆயிரக்கணக்கான வாய்களோடு வளர்ந்த புல், அதற்கு மேய்ச்சலும் வேண்டும், ஓய்வும் வேண்டும், இரண்டும் அதனதன் மாதத்தில் வேண்டும்.

மேல்காட்டுக்கு வருகிறேன், இந்த மதிப்பீட்டில் எனக்கு முக்கியமானது அதுதான். அங்கே ஒரு பிடி விதைகூடப் போடவில்லை. வேலி போட்டோம், கருவேலத்தை எடுத்தோம், முதல் மழையிலிருந்து விதை கொட்டும்வரை அடைத்தோம், அவ்வளவுதான். முதல் வருஷம் வெள்வேல மரத்தடியில் மட்டும் திட்டுத்திட்டாகக் கொழுக்கட்டை தெரிந்தது. கருவேல முள்ளுக்குள் ஆட்டு வாய் எட்டாத இடத்திலும் பழைய தூர்கள் உயிரோடு ஒளிந்திருந்தன. அந்தத் தூர்கள்தான் விதைச் சாக்கு. அங்கிருந்து காற்றடித்த திசையில், கிழக்கு நோக்கிப் புல் நடந்து போனது. இப்போது மேல்காடு கீழ்காட்டைவிட நன்றாக இருக்கிறது. செப்பு நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது, நரிப்பயறு ஏறுகிறது. கீழ்காட்டில் நான் போட்ட ஒரே புல்தான் நிற்கிறது, மற்றவை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? மேல்காடு மோசமாக மேய்க்கப்பட்டது, ஆனால் ஆழமாக உழப்படவில்லை. கீழ்காட்டில் வருஷாவருஷம் டிராக்டர் கலப்பை இறங்கியதில் தூர் செத்தது, மண்ணில் இருந்த விதை முளைத்து முளைத்துத் தீர்ந்தது, அடி மண் மேலே வந்தது. அப்பாரு ஏர் பூட்டி எப்போதோ ஒருமுறை மேலாக உழுததை அந்தப் புல் தாங்கியது. இதைத் தாங்கவில்லை. எனவே உங்கள் காடு வெறும் அதிக மேய்ச்சலால் கெட்டிருந்தால் விதைக்காசை வேலியில் போடுங்கள். ஒரு பருவம் அடைத்துவிட்டு மரத்தடியில் குனிந்து தேடுங்கள். உழுத காடு, வெள்ளாமை செய்து விட்ட காடு என்றால் விதை வாங்கியே ஆக வேண்டும், பொறுமையும் இரண்டு பங்கு வேண்டும். இதை விற்கும்போதே குழு கேட்டறிந்து சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் கேட்டதெல்லாம் எத்தனை ஏக்கர் என்பது மட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே கொறங்காட்டில் விடாதீர்கள். வரும் வழியில் கருவேலங்காய் தின்றிருக்கும். ஒரு வாரம் பட்டியில் அடைத்துத் தீவனம் போட்டு, புழுக்கையைக் கூட்டி அப்புறப்படுத்திய பிறகு விடுங்கள். நாங்கள் இதைத் தொடங்கிய பிறகு கருவேலக் கன்று பிடுங்கும் வேலை கண்ணெதிரே குறைந்தது.

மரம் நடச் சொல்லி வருகிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். வெற்றிடம் கிடக்கிறதே, ஆயிரம் கன்று நட்டுத் தருகிறோம் என்பார்கள். 2000-இல் முதன்முதலாக வந்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பே புதர்த் தரையையும் கெட்டுப்போன மேய்ச்சல் நிலத்தையும் தரிசுக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. அப்படிப் பார்க்கிற கண்ணுக்குப் புல் தெரியாது. நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளிமேல் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். இன்று அவற்றை எப்படி எடுப்பது என்று வனத்துறை திணறுகிறது. ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட வேண்டி வந்தது. கொறங்காட்டில் வெள்வேலம் போதும், அதுவும் நிழல் ஒன்றோடொன்று முட்டாத இடைவெளியில். புல்லுக்கு வெயில் வேண்டும். மறுபக்கம், இதே கொழுக்கட்டைப் புல்லினம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திலும் அயல் செடியாகப் போய்ப் பரவி, தீயை வளர்த்து, அங்கத்திய செடிகளை அழிக்கிறது. அங்கே அதைப் பிடுங்குகிறார்கள், இங்கே நாம் நடுகிறோம், இரண்டும் சரிதான்.

யாருக்கு இது ஒத்துவரும்? ஒரு வருஷமாவது காட்டிலிருந்து வருமானம் எதிர்பார்க்காமல் இருக்க முடிகிறவர்களுக்கு. குத்தகைக்கு விடுகிறவர்கள் என்றால் அடைப்பு மாதங்களைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதுங்கள், வருஷக் குத்தகையாக இல்லாமல் மூன்று நான்கு வருஷமாகக் கொடுங்கள். அடுத்த வருஷம் காடு தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் விதை கொட்டும்வரை ஏன் பொறுக்கப் போகிறார்? எங்கள் புதிய குத்தகைக்காரர் இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார், அதற்காகக் குத்தகையைக் குறைத்தோம். மயிலம்பாடிச் செம்மறியும் இரண்டு காங்கயம் பசுவும் வைத்திருக்கிறார். செவலையாகப் பிறந்த கன்று ஆறு மாதத்தில் மயிலை (சாம்பல்) நிறத்துக்கு மாறுவதைப் பார்க்க என் மகள் வாரக் கடைசியில் தவறாமல் வருகிறாள். கவுதாரியும் திரும்பி வந்திருக்கிறது, காலையில் அதன் சத்தம் வேலியோரத்திலிருந்து கேட்கிறது.

வாங்குவதென்றால்: கிளுவைக் குச்சிக்கு மாசியிலேயே சொல்லி வையுங்கள், பங்குனிக்கு மேல் வெட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். விதைக்கு ஆவணிக்குள் முன்பணம் கட்டி, சாக்கை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள், மழை ஆரம்பித்த பிறகு வரும் என்று நம்பி இருக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல் பலகைமேல் வைத்தால் போதும். எறும்பு வராமல் சுற்றிலும் சாம்பல் தூவுங்கள். வேலிக்கு அந்த அண்ணனையே கேட்டு வாங்குங்கள். அவருடைய ஆட்கள் நட்ட பக்கமும் வேறு ஆட்கள் நட்ட பக்கமும் எங்கள் காட்டில் பார்த்தவுடனே தெரிகிறது.